முன்வரிசை ஐவரும் அவர்களைத் தெரிந்த கண்களும்



ஐக்கிய அமெரிக்காவிலே உதைபந்தாட்டம் என்னும் பெயரால் வழங்கும் விளையாட்டிலே பந்து உதைபடுவது மிக அருமை. நம்மவர் ஒருவர் அதனை முதன்முறை காணின், இது றக்பியின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லிவிடுவார். அக்கூற்றுப் பிழையன்று. முட்டை வடிவான பந்து, அதைக் கையிலேந்தி ஓடுதல், ஓடுபவனைப் பாய்ந்து வீழ்த்துதல் ஆகிய யாவும் றக்பியின் வழிவந்தனவே. ஆயினும் பெரியதொரு வேற்றுமை உண்டு. றக்பி ஆட்டத்திலே பந்து வைத்திருப்பவனுக்கு முன்னே சென்று எதிரியை மறிப்பது குற்றமாகும். அமெரிக்க ஆட்டத்திலோ அவ்வாறு மறிப்பதே ஐந்து வீரரின் முழுநேரத் தொழில்.

இந்த ஐவரைத் தாக்குதல் அணியின் முன்வரிசை என்பர். நடுவே நிற்பவர் சென்ரர். அவருக்கு இருபுறமும் கார்ட் எனப்படும் இருவர்; அவர்களுக்கும் அப்பால், வரிசையின் இரு அந்தங்களிலும், டக்கிள் எனப்படும் இருவர். இவர்களுக்குப் பின்னால் நிற்பவரே அணியின் மூளையெனத் தக்க குவாட்டர்பக். சென்ரர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் அனுப்பியதும், எதிரணியின் பெருவீரர் நால்வரோ ஐவரோ குவாட்டர்பக்கை நோக்கிப் பாய்வர். அவர் பந்தை எறிவதற்கு வேண்டிய இரண்டு மூன்று விநாடிகளை வாங்கிக் கொடுப்பதும், பந்தைக் கொண்டு ஓடுபவனுக்கு வழி திறந்துவிடுவதும் முன்வரிசையின் கடமை. முன்னோக்கி எறியப்பட்ட பந்தைப் பிடிப்பதற்குக்கூட இவ்வைவருக்கும் விதி சாதாரணமாக இடந்தருவதில்லை.

ஓடியவன் எத்தனை யார் ஓடினான், எறிந்தவன் எறிந்தவற்றுள் எத்தனை பிடிபட்டன என்பனவெல்லாம் ஏடுகளில் ஏறும். முன்வரிசை ஐவருக்கோ அத்தகைய ஏடு நெடுங்காலம் இருந்ததில்லை. அவர்கள் தம் கடமையைச் செவ்வனே செய்தால், பார்ப்பவர் கண்ணுக்கு எதுவுமே நிகழாதது போலத் தோன்றும். மைதானத்து ஒலிபெருக்கியிலே அவர்களுடைய இலக்கம் ஒலிப்பது, எதிரியை விதிக்கு மாறாகப் பற்றிப் பிடித்தமைக்காக நடுவர் குற்றம் அறிவிக்கும் வேளையிலேதான். வீட்டிலே சமையல் நன்றாயிருக்கும் நாளில் ஒருவரும் வாய் திறவார். உப்புக் குறைந்த நாளிலே எல்லாரும் பேசுவர் அன்றோ?

இவ்வாறு கணக்கில் வராத உழைப்பாளியை, அவன் தொழிலுக்கு வருமுன்னரே எடைபோட்டு, இவன் வேண்டும், இவன் வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், எதனை அளவுகோலாகக் கொள்வது? ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளாக அமெரிக்கக் கழகங்கள் இக்கேள்விக்கு விடை தேடி வந்திருக்கின்றன. அத்தேட்டத்தின் வரலாறே எனது இன்றைய பேச்சின் பொருள்.

அமெரிக்கத் தொழில்முறைக் கழகங்கள், பல்கலைக்கழகங்களில் ஆடிப் பெயர்பெற்ற இளைஞரை ஆண்டுக்கொருமுறை கூடி, முறைவைத்து ஒருவர்பின் ஒருவராகத் தெரிந்தெடுக்கின்றன. முந்திய பருவத்தில் யாவரினும் கீழே நின்ற கழகத்துக்கு முதல் உரிமை. வாகை சூடிய கழகத்துக்குக் கடைசி உரிமை. செல்வக் கழகங்களே நல்ல வீரரையெல்லாம் வாரிக்கொண்டால் மற்றவை மடியும், மற்றவை மடிந்தால் ஆட்டமே மடியும் என்று 1935 ஆம் ஆண்டிலே வாதாடி இம்முறையை ஏற்கச் செய்தவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளர் பேட் பெல். அவ்வாண்டு இறுதியிலே அவருடைய கழகமே கடைசியில் நின்றதால் முதலாவது தெரிவுரிமையும் அவருக்கே கிட்டியது!

முதற் கூட்டம் 1936 ஆம் ஆண்டு பெப்ரவரி 8 ஆம் நாள் பிலடெல்பியா நகரத்து ரிட்ஸ் கார்ல்ட்டன் ஹொட்டேலில் நடைபெற்றது. ஒரு பலகையிலே 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. ஒன்பது கழகங்கள் ஒன்பது சுற்றுகளில் 81 பேரைத் தெரிந்தன. வீரரைத் தேடி ஊரூராய்ச் செல்லும் பார்வையாளர் எவரும் அந்நாளில் இல்லை. பத்திரிகையில் வாசித்த பெயர், நண்பர் சொன்ன பெயர், எங்கோ ஒருமுறை கண்ட முகம் ஆகியனவே ஆதாரம். முதலாவதாகத் தெரியப்பட்ட ஜே பேர்வாங்கர் என்னும் ஓட்டவீரர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாளேனும் இறங்கவில்லை என்பதைக்கொண்டு அந்நாளைய நிலையை ஊகிக்கலாம்.

அக்கூட்டத்திலே சிக்காகோ பெயர்ஸ் கழகத்தின் தலைவர் ஜோர்ஜ் ஹாலஸ் செய்த இரு தெரிவுகள் நம் பொருளுக்கு மிக நெருங்கியவை. முதற் சுற்றிலே அவர் எடுத்தவர் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து ஜோ ஸ்டைடஹார். ஆறடி நான்கங்குல உயரமும் 230 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையும் கொண்ட டக்கிள். அவரைத் தெரிய ஆழ்ந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. ஒன்பதாவதாகிய கடைசிச் சுற்றிலே, பலகையில் எஞ்சியிருந்த பெயர்களை நோக்கிய ஹாலஸ், கோல்கேற் பல்கலைக்கழகத்து டான் போர்ட்மன் என்னும் கார்ட் வீரரை எடுத்தார். அந்தப் பெயரின் ஓசை தமக்குப் பிடித்திருந்ததே காரணம் என்று ஹாலஸ் பிற்காலத்திலே கூறியதாகக் கதையுண்டு. போர்ட்மன் அப்பொழுது இருபது வயதும் நிரம்பாத மாணவர். முன்வரிசைக்குச் சிறிய உடல். கல்வியிலோ மிகச் சிறந்தவர். பெயர்ஸ் அணியில் ஆடிக்கொண்டே சிக்காகோவில் மருத்துவம் பயின்று 1940 ஆம் ஆண்டிலே வைத்தியரானார். எதிரியின் சூழ்ச்சியை முன்கூட்டி உணர்ந்து வரிசைக்குக் குரல்கொடுப்பதிலே அவருக்கு நிகரில்லை என்பது அந்நாளையோர் கருத்து. முதற் சுற்று ஸ்டைடஹாரும் கடைசிச் சுற்றுப் போர்ட்மனும் இருவருமே இன்று ஒகாயோ மாநிலத்துக் கன்ரன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் இடம் பெற்றிருக்கின்றனர். ஒருவரை உடலைப் பார்த்து எடுத்தார். மற்றவரைப் பெயரைப் பார்த்து எடுத்தார். இரண்டும் பலித்தன. குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்ந்த கதை என்று இதனைத் தள்ளிவிடுதலும் கூடும். ஆனால் முன்வரிசை வீரனிடத்து உடலுக்குப் புறம்பான ஏதோ ஒன்றும் வேண்டியிருக்கிறது என்பதற்கு முதற் சாட்சி போர்ட்மனே.

பத்திரிகையை நம்பிய காலத்திலே, பத்திரிகை காணாததைக் கழகமும் காணாது. அதனினும் கொடிய குருடு ஒன்று இருந்தது. 1934 ஆம் ஆண்டு முதல் 1945 ஆம் ஆண்டுவரை தேசிய உதைபந்தாட்ட லீக்கிலே கறுப்பின வீரர் ஒருவரேனும் ஆடவில்லை. 1946 ஆம் ஆண்டிலே அந்தக் கதவு திறந்தது. தெரிவுக் கூட்டத்திலே கறுப்பினத்தவர் ஒருவர் பெயர் முதன்முதலாகக் கூறப்பட்டதோ 1949 ஆம் ஆண்டில். அதன் பின்னரும், தென்மாநிலங்களிலே கறுப்பின மாணவருக்கென நிறுவப்பட்ட கல்லூரிகளின் பக்கம் கழகங்கள் திரும்பிப் பார்த்தது சொற்பமே. அங்கே ஆடிய முன்வரிசை வீரன் இருமடங்கு மறைந்திருந்தான். அவன் இடமும் கணக்கில்லாத இடம், அவன் கல்லூரியும் கண்ணில்லாத கல்லூரி.

அவர்களுள் ஒருவர் ரூஸ்வெல்ட் பிரவுண். போல்ரிமோர் நகரத்து மோர்கன் கல்லூரியிலே ஆடியவர். பிற்ஸ்பேர்க் நகரிலிருந்து கறுப்பின மக்களுக்காக வெளிவந்த கூரியர் என்னும் பத்திரிகை, அக்கல்லூரிகளின் சிறந்த வீரரைத் திரட்டி ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடும். 1953 ஆம் ஆண்டுத் தெரிவிலே, மற்றக் கழகங்களின் ஏடுகளில் வீரர் பெயர்கள் வற்றிப்போன வேளையில், நியூயோர்க் ஜயன்ற்ஸ் கழகத்தார் அந்தப் பட்டியலிலிருந்து பிரவுணின் பெயரை எடுத்து வாசித்தனர். அது 27 ஆவது சுற்று. 321 ஆவது பெயர். அவர் ஆடியதை அவர்கள் கண்டதில்லை. அவ்விளைஞர் 13 பருவங்கள் அக்கழகத்தின் முன்வரிசையைத் தாங்கினார். 1975 ஆம் ஆண்டிலே புகழ்மண்டபம் புகுந்தார். இன்று தெரிவுக் கூட்டம் ஏழு சுற்றுகளோடு முடிந்துவிடுகிறது. அவ்விதி அன்றிருந்தால் பிரவுணின் பெயர் அக்கூட்டத்திலே ஒலித்திராது. அவரைப் போல ஒலிக்காமற்போன பெயர்கள் எத்தனையோ? கூரியர் பத்திரிகையிலே அந்தப் பட்டியலைத் தயாரித்த பில் நன் என்பவரை 1960 களின் பிற்பகுதியிலே பிற்ஸ்பேர்க் ஸ்ரீலர்ஸ் கழகம் தன் பார்வையாளராக அமர்த்திக்கொண்டது. 2021 ஆம் ஆண்டிலே அவருக்கும் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது. அப்பொழுது அவர் உயிரோடு இல்லை.

இனி, அளவுகோலும் கடிகாரமும் வந்த கதைக்கு வருவோம். அதன் நாயகர் போல் பிரவுண். முன்னர் ஒகாயோ மாநிலத்துப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் இருந்த இவர், 1946 ஆம் ஆண்டிலே கிளீவ்லண்ட் நகரில் ஒரு கழகத்தை உருவாக்கினார். ஆசிரியப் புத்தி எளிதிற் போகாது! வீரரிடம் குறிப்புப் புத்தகம் கொடுத்து எழுதச் செய்தார்; எழுத்துப் பரீட்சை வைத்தார்; நுண்ணறிவுச் சோதனையும் வைத்தார். ஆட்டத்தைப் படம்பிடித்து, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தனரா என்று பார்த்துப் புள்ளியிட்டார். முன்வரிசை வீரனுக்கு இது பெரும்பேறு. பந்தின் பின்னே ஓடிய கண்கள் முதன்முறையாக அவன் காலடியிலே நின்றன.

40 யார் ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளக்கும் வழக்கத்தையும் அவரே பரப்பினார். பந்தை உதைத்தால் ஏறத்தாழ அத்தனை தூரம் செல்லும். உதைத்த பந்தின் பின்னே ஓடி எட்டுவதற்கு வேண்டிய வேகம் அதுவே என்பது அவர் கணக்கு. அக்கணக்கு ஓட்டவீரருக்குப் பொருந்தும். முன்வரிசை வீரன் 40 யார் நேரே ஓடுவது பருவத்துக்கு எத்தனை முறை? அவனுடைய போரெல்லாம் ஐந்து யார் நிலத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஆயினும் அளப்பதற்கு எளிதாக இருந்தமையால் அந்த ஓட்டம் அவன் தலையிலும் ஏறியது. பிற்காலத்தார் அதன் முதற் பத்து யாரின் நேரத்தைத் தனியே பிரித்து நோக்கத் தொடங்கியது ஓரளவு பரிகாரம்.

1960 களிலே நிகழ்ந்த அடுத்த மாற்றத்திலே நம் துணைக்கண்டத்தவர் ஒருவருக்குப் பங்குண்டு என்பதை நேயர்கள் வியப்போடு கேட்பீர்கள். டலஸ் கவ்போய்ஸ் கழகத்தின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், அதற்கு முன் தொலைக்காட்சி நிறுவனமொன்றிலே பணியாற்றியவர். 1960 ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் விழாவிலே கணிப்பொறி நொடிப்பொழுதில் முடிவுகளைத் தொகுத்ததைக் கண்டு, வீரர் தெரிவுக்கும் இதனைப் பயன்படுத்தலாமே என்று எண்ணினார். ஐ.பி.எம். நிறுவனத்தின் கிளையொன்றிலே பணிபுரிந்த புள்ளிவிவரவியலாளர் சலாம் குரேஷி இப்பணியை ஏற்றார். அவர் இந்தியாவிலே பிறந்தவர்; கிரிக்கெட்டை அறிவார்; அமெரிக்க உதைபந்தாட்டத்தை அறியார். அறியாமையே அவருக்குத் துணையாயிற்று. பயிற்றுநர் எல்லாரும் அறிந்ததாகப் பாவித்துப் பேசிய சொற்களை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து, இதன் பொருள் என்ன, அதன் பொருள் என்ன என்று வினவினார்.

அவ்வினாக்களின் விளைவாக, எண்ணிறந்த குணவிசேடங்கள் ஐந்தாகச் சுருங்கின: ஒழுக்கம், விரைவும் உடற்கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மதிவிழிப்பு, வலிமையும் திடீரெனப் பொங்கும் ஆற்றலும். இவ்வைந்தினுள்ளே உயரமும் நிறையும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர் ஒவ்வொருவரும் தம் மனம்போனபடி வருணிப்பதை விடுத்து, எல்லாரும் ஒரே வினாக்கொத்துக்கு எண்ணால் விடையளிக்க வேண்டியதாயிற்று. பரீட்சை விடைத்தாள் திருத்தும் தொழிலிற் காலங் கழித்தோருக்கு இதன் அருமை விளங்கும். ஒருவர் கை தாராளம், ஒருவர் கை இறுக்கம். ஒரே விடைக்கு ஒருவர் எழுபதும் ஒருவர் ஐம்பதும் இடுவர். பிழை மாணவனிடம் இல்லை. அளவுகோல் இரண்டாக இருந்ததே பிழை.

கணிப்பொறி மட்டும் டலஸ் கழகத்தை உயர்த்தியது என்று கூறின் அது மிகையாகும். அதனோடு கூட, மற்றவர் போகாத ஊர்களுக்கு அவர்கள் ஆளனுப்பினர். ஜோர்ஜியா மாநிலத்திலே போட் வாலி என்னும் சிற்றூரின் கறுப்பினக் கல்லூரியிலிருந்து, கூடைப்பந்தாட்டத்தில் பெருவிருப்புடைய ரேபீல்ட் ரைட் என்பவரை 1967 ஆம் ஆண்டிலே ஏழாவது சுற்றில் எடுத்தனர். அவரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவர்களுக்கே தெளிவில்லை. பந்து பிடிப்பவராக நிறுத்திப் பார்த்தனர். தடுப்பணியில் நிறுத்திப் பார்த்தனர். மூன்றாவது ஆண்டில் டக்கிளாக்கினர். கூடைப்பந்துக் களத்திலே எதிரியின் முன் பக்கவாட்டில் அடிவைத்துப் பழகிய கால்கள் அங்கே உயிர்பெற்றன. 2006 ஆம் ஆண்டிலே அவர் புகழ்மண்டபம் புகுந்தார்.

கூடைப்பந்துக் கால்கள் முன்வரிசைக்கு ஏன் உதவ வேண்டும்? அமெரிக்கப் பார்வையாளர் இன்று படத்தை நிறுத்தி நிறுத்தி நோக்குவது இதனையே. டக்கிள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே எதிரியை எதிர்கொள்கிறான். அவன் முழங்காலை மடித்துத் தாழ்கிறானா, இடுப்பை வளைத்துக் குனிகிறானா என்று பார்ப்பர். இடுப்பை வளைப்பவன் எவ்வளவு வலியனாயினும் முன்னே சாய்வான். சாய்ந்தவனை இழுத்துத் தள்ளுவது எளிது. அடுத்து, அடிகள் குறுகியும் நிலத்தை ஒட்டியும் விழுகின்றனவா, ஒருமுறை ஏமாந்தபின் நிலைகொள்கிறானா, இரு எதிரிகள் இடம் மாறிப் பாயும்போது தனக்குரியவனைத் தோழனிடம் ஒப்படைத்துப் புதியவனை ஏற்கிறானா என்று நோக்குவர். ஒருவனை ஒருவன் நிழல்போலத் தொடர்வதே இத்தொழிலின் சாரம். அதற்குக் கடிகாரம் இல்லை.

1978 ஆம் ஆண்டிலே விதியொன்று மாறியது. அதுவரை முன்வரிசை வீரன் குவாட்டர்பக்கைக் காக்கும்பொழுது கைகளை மார்போடு மடக்கியே மறிக்க வேண்டும். அவ்வாண்டு முதல் கையை நீட்டி, விரித்த உள்ளங்கையால் எதிரியைத் தடுக்கலாம் என்றாயிற்று. எறிந்தாடும் ஆட்டத்தை வளர்ப்பதே நோக்கம். ஆனால் ஒரே நாளில் புயத்தின் நீளம் விலைமதிப்புள்ள பொருளாயிற்று. டக்கிளுக்குப் புயம் 34 அங்குலம் இருத்தல் நலம் என்னும் எண்ணம் பின்னர் வேரூன்றியது. முன்னேயிருந்த வீரரை அளந்த கோல் கொண்டு பின்னே வருபவரை அளக்க இயலாது என்பதை இவ்வொரு விதி காட்டுகிறது.

புதிய விதியின் கீழ் எழுந்த முதற் பெருவீரர் அன்தனி முனோஸ். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தவர். அவருடைய முழங்கால்களிலே மாணவப் பருவத்துக்குள் மூன்று சத்திர சிகிச்சைகள் நடந்திருந்தன. கடைசிப் பருவத்தின் முதலாட்டத்திலேயே காயமுற்றவர், 1980 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் நடந்த றோஸ் போல் ஆட்டத்துக்கே மீண்டு வந்தார். ஏட்டில் உள்ளதை மட்டும் நோக்குவோன் இத்தகையவனைத் தொடான். முன்னர் கடிகாரத்தைக் கொணர்ந்த அதே போல் பிரவுண் அப்பொழுது சின்சினாட்டி பெங்கல்ஸ் கழகத்தின் தலைவர். எழுபதைக் கடந்த வயதிலே கடிகாரத்தை நம்பியிராது, தம் புதல்வரோடு அந்த ஆட்டத்தைக் காணச் சென்றார். அந்த முழங்கால் தாங்குமா என்று பார்ப்பதற்காகவே சென்றார். தாங்கியது, முனோஸின் அணி 17 க்கு 16 என்று வென்றது.

பிரவுண் அத்தோடும் அமையவில்லை. கழகத்தின் புதிய பயிற்றுநரான பொறஸ்ட் கிரெக், தம் காலத்திலே கிரீன் பே கழகத்தின் மாபெரும் டக்கிளாக விளங்கியவர். அவர் நேரே சென்று முனோஸைச் சோதித்தார். தாமே எதிரிபோலப் பாய்ந்து காட்டினார். முனோஸ் இரு கைகளையும் நீட்டினார். கிரெக் மல்லாந்து விழுந்தார். பதறிப்போன இளைஞர் மன்னிப்புக் கேட்டாராம். கீழே கிடந்தவருக்கோ மகிழ்ச்சி. மூன்றாவது தெரிவாக எடுக்கப்பட்ட முனோஸ் 13 பருவங்கள் ஆடினார். 1998 ஆம் ஆண்டிலே புகழ்மண்டபம் புகுந்தார். இவ்வரலாற்றிலே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே.

அதற்குப் பின் முன்வரிசையின் மதிப்பு, குறிப்பாக இடது டக்கிளின் மதிப்பு, வெகுவாக உயர்ந்தது. வலக்கையால் எறியும் குவாட்டர்பக் எறியும்போது அவருடைய முதுகு இடப்புறம் திரும்பியிருக்கும். அங்கிருந்து வருபவனை அவர் காணார். 1985 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள் நியூயோர்க் அணியின் லோரன்ஸ் டெய்லர், வொஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை வீழ்த்தியபோது தைஸ்மனின் கால் முறிந்தது. அதை இலட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்டனர். தைஸ்மன் பின்னர் ஆடவேயில்லை. 1993 ஆம் ஆண்டிலே வீரர் தம் விருப்பப்படி கழகம் மாறும் உரிமை வந்ததும், பின்புறங் காக்கும் அவ்வீரனின் ஊதியம் வேகமாக ஏறியது.

மதிப்பு ஏறவே அளவைகளும் பெருகின. 1982 ஆம் ஆண்டு முதல் தெரிவுக்கு முன்னே வீரரைத் திரட்டி ஒரு முகாம் நடத்தலாயினர். வைத்தியப் பரிசோதனையை ஒரே இடத்தில் முடிப்பதே அதன் மூலநோக்கம். 1987 ஆம் ஆண்டு முதல் அது இண்டியானாபொலிஸ் நகரிலே நடந்து வருகிறது. உயரம், நிறை, புயத்தின் நீளம், உள்ளங்கையின் அகலம், ஓட்டம், தாவல், படுத்தபடி 225 இறாத்தல் பாரத்தை எத்தனை முறை உயர்த்துகிறான் என்பதெல்லாம் குறிக்கப்படும். நீண்டகாலம், 12 நிமிடத்தில் 50 வினாக்களுக்கு விடையளிக்கும் அறிவுச் சோதனையும் இருந்தது. 2022 ஆம் ஆண்டிலே அது கைவிடப்பட்டது. இங்கே ஒரு முரண்பாட்டைப் பாருங்கள். புயம் நீண்டவன் களத்திலே எதிரியைத் தூரத்தில் நிறுத்துவான். ஆனால் பாரம் உயர்த்தும்போது அவனுடைய பாரம் நெடுந்தூரம் பயணஞ் செய்ய வேண்டும். ஒரு சோதனையிலே வெற்றிதரும் உறுப்பு மறுசோதனையிலே அவனைத் தாழ்த்துகிறது.

எண்களை நம்பிக் கெட்டதற்கு அமெரிக்கர் எப்பொழுதும் காட்டும் உதாரணம் ரோனி மன்டரிச். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து டக்கிள். 300 இறாத்தலுக்கு மேற்பட்ட உடல். 1989 ஆம் ஆண்டிலே 40 யாரை 4.65 விநாடியில் ஓடினார் என்றும், 225 இறாத்தலை 39 முறை உயர்த்தினார் என்றும் பதிவாயிற்று. புகழ்பெற்ற விளையாட்டு வாரப்பத்திரிகை ஒன்று தன் அட்டையிலேயே அவரை வானளாவப் புகழ்ந்தது. கிரீன் பே கழகம் அவரை இரண்டாவதாக எடுத்தது. அவ்வாண்டு முதல் ஐந்து தெரிவுகளில் மற்ற நால்வரும் பின்னாளிலே புகழ்மண்டபம் சேர்ந்தனர். மன்டரிச் சில பருவங்களிற் கழகத்தை விட்டு நீங்கினார். அந்த உடலின் வலிமைக்கு ஊக்கமருந்து துணையாயிருந்ததைப் பல்லாண்டுகளின் பின் அவரே ஒப்புக்கொண்டார். மருந்தை எண்கள் காட்டவில்லை என்பது ஒருபுறமிருக்க, வேறொன்றையும் அவை காட்டவில்லை. அவருடைய பல்கலைக்கழக அணி பெரும்பாலும் ஓடியே ஆடியது. முன்னே பாய்ந்து எதிரியை நசுக்குவதை அவர் கற்றிருந்தார். பின்னே நகர்ந்து காத்து நிற்பதற்குப் போதிய பழக்கமில்லை. அதனைப் படம் காட்டியிருக்கும். உடலைக் கண்டு மயங்கிய கண் படத்தைக் காணவில்லை. மன்டரிச் பின்னர் போதையினின்று மீண்டு, 1996 முதல் இண்டியானாபொலிஸ் கழகத்திலே மூன்று பருவங்கள் ஆடினார் என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும்.

எந்தச் சோதனையிலும் கேட்கப்படாத கேள்வியும் ஒன்றுண்டு. 1974 ஆம் ஆண்டிலே விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து மைக் வெப்ஸ்டர் என்னும் சென்ரர், உடல் சிறிது என்று கருதப்பட்டு, ஐந்தாவது சுற்றிலே பிற்ஸ்பேர்க் கழகத்துக்குக் கிடைத்தார். 17 பருவங்கள் ஆடினார். நான்கு முறை தேசிய வாகை சூடிய அணியில் இருந்தார். தெரிவின் வெற்றிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா? 2002 ஆம் ஆண்டிலே, மனங்கலங்கி வறுமையுற்ற நிலையில், 50 வயதில் அவர் காலமானார். அவருடைய மூளையை ஆராய்ந்த வைத்தியர் பெனற் ஒமாலு, ஓயாத தலைமோதலால் விளைந்த நோயை அதிலே கண்டார். 2005 ஆம் ஆண்டிலே அதை ஆய்விதழில் வெளியிட்டார். இந்த இளைஞன் கழகத்துக்கு என்ன தருவான் என்று ஆயிரம் வழியால் அளந்தவர்கள், ஆட்டம் அவனிடமிருந்து எதை எடுக்கும் என்று அளக்க முன்வந்தது மிகப் பிந்தியே.

அண்மைக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைக் கூறி அமைவேன். இரண்டும் 2018 ஆம் ஆண்டுத் தெரிவைச் சேர்ந்தவை. ஒக்லஹோமாப் பல்கலைக்கழகத்து ஓர்லண்டோ பிரவுண், தந்தையும் இதே தொழிலில் விளங்கிய குடும்பத்தவர். 345 இறாத்தல் நிறை, 35 அங்குலப் புயம். இண்டியானாபொலிஸ் முகாமிலே 40 யார் ஓட 5.85 விநாடி எடுத்தார். பாரத்தை 14 முறையே உயர்த்தினார். முதற் சுற்றுக்குரியவர் எனக் கருதப்பட்டவர் மூன்றாம் சுற்றுக்கு, 83 ஆவது இடத்துக்கு, இறங்கினார். மூன்று பருவங்களாக அவர் காத்துநின்ற குவாட்டர்பக் பேக்கர் மேபீல்டோ அதே தெரிவிலே முதலாவதாக எடுக்கப்பட்டார்! காக்கப்பட்டவரைக் கண்டவர்கள் காத்தவரையும் அதே படத்தில் கண்டிருக்க வேண்டுமே. தந்தையார் ஆடிய போல்ரிமோர் கழகமே மகனை எடுத்தது. 2019 முதல் 2022 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவர் லீக்கின் சிறந்த வீரர் அணிக்குத் தெரிவானார்.

மற்றவர் ஜோர்டன் மைலாட்டா. சிட்னி நகரிலே சமோவத் தீவுப் பெற்றோருக்குப் பிறந்து, றக்பி லீக் ஆடி வளர்ந்தவர். ஆறடி எட்டங்குலம், 346 இறாத்தல். அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டி ஒன்றிலேனும் அவர் ஆடியதில்லை. படமும் இல்லை, புள்ளியும் இல்லை. புளோரிடாவிலே சில மாதங்கள் பயிற்சி பெற்ற அவரை, ஏழாவது சுற்றில், 233 ஆவதாகப் பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது; பேட் பெல்லின் அதே கழகம்தான். பந்து வைத்திருப்பவனுக்கு முன்னே நின்று மறித்தால் நடுவர் ஊதுவார் என்று சிறுவயது முதல் பழகியவருக்கு, அவ்வாறு மறிப்பதே தொழில் என்பதைப் பயிற்றுநர் ஜெப் ஸ்ரவுட்லண்ட் அடியெடுத்துவைப்பது முதலாகக் கற்பித்தார். இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டத்திலும் இறங்காது கழிந்தன. 2020 ஆம் ஆண்டிலே இடது டக்கிளின் இடம் அவருக்குக் கிடைத்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், நியூ ஓர்லியன்ஸ் நகரிலே நடந்த இறுதியாட்டத்தில் பிலடெல்பியா 40 க்கு 22 என்று கன்சாஸ் சிற்றியை வென்று வாகை சூடியபொழுதும் அந்த இடத்திலே நின்றவர் அவரே.